ஒரு சொல்லின் சந்ததி

கண்ணமங்கலத்திலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. வேலூரிலிருந்து ஆரணிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் அந்த ஊரைப் பார்த்திருப்பார்கள். காட்பாடி – விழுப்புரம் ரயில் பாதையிலும் அதற்கு ஒரு ஸ்டேஷன் உண்டு. ஒரு பக்கம் ஜவ்வாது மலை நீலமாகப் படுத்திருக்கும். நாகநதியோ மழை பெய்த வருஷங்களில் மட்டும் தானும் ஒரு நதிதான் என்று ஊராருக்கு ஞாபகப்படுத்தும். கடிதம் எழுதியவர் பல வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற உபாத்தியாயர். கணக்கு வாத்தியாருக்கு வந்திருக்கும் சந்தேகமோ இங்கிலீஷ் பாஷையைப் பற்றியது.

விஷயம் இதுதான். அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய பாடத்தில் முயலைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தது; முயல் ‘ப்ரொலிஃபிக்’ ஆன பிராணி என்று. அதே வாரம் இங்கிலீஷ் தினசரி ஒன்றில் பழைய தமிழ் நாவலாசிரியர் ஆரணி குப்புசாமி முதலியாரைப் பற்றிய கட்டுரை; அவரும் ‘ப்ரொலிஃபிக்’ ஆன எழுத்தாளராம். “தாத்தா, முயலுக்கும் முதலியாருக்கும் ஒரே வார்த்தையா?” என்று குழந்தை கேட்டாள். நியாயமான கேள்வி. இதற்குள் அடுப்பங்கரையிலிருந்து பாட்டியம்மாள், “ஏம்மா, நம்ம புழக்கடை முருங்கையையும் அப்படிச் சொல்லலாமா?” என்று விசாரித்தார்களாம். அந்த வருஷம் முருங்கை அப்படிக் காய்த்திருக்கிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் கடிதமே வந்திராது. பேத்தி அகராதியைப் புரட்டி, ‘மிகுதியான சந்ததியை உண்டாக்குகிற’ என்று உரக்க வாசித்தாள். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், “பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று நம் பெரியவர்கள் வாழ்த்துகிறார்களே, அதுதான் இது” என்று விளக்கம் கூறிவிட்டார். அப்போது கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த வாத்தியாரின் மூத்த மகள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து புழக்கடைக்குப் போய்விட்டாள். அந்த அம்மாளுக்குக் கலியாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. “அகராதியில் இருப்பது மட்டுந்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தமா? வேறு ஏதேனும் உண்டா?” என்று வாத்தியார் கேட்கிறார்.

அகராதியில் இருப்பது சரியான அர்த்தமே. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் யார் வாயில் புகுந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், கூடத்திலிருந்து எழுந்து போக வேண்டியது அந்த அம்மாளா அல்லது அந்தச் சொல்லா என்று யோசிக்க இடம் உண்டு.

‘ப்ரோலெஸ்’ என்பது லத்தீன் பாஷையில் சந்ததிக்குப் பெயர். ‘ஃபாகெரெ’ என்றால் செய்தல். ஃபாக்டரி, ஃபாக்ட் முதலிய சொற்கள் இதிலிருந்து வந்தவை. இரண்டும் சேர்ந்து ‘சந்ததியைச் செய்கிற’ என்ற பொருளில் ஒரு பெயரடையாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரர்கள் அதைத் தங்கள் பாஷையில் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் பிராணிகளுக்கும் மரஞ்செடிகளுக்கும் வழங்கியது. பிற்பாடு புஸ்தகம் எழுதுகிறவர்களுக்கும் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கும் தாராளமாக வழங்கலாயிற்று. எனவே குழந்தை கேட்ட கேள்விக்கு முதல் பதில்: ஆம், ஒரே வார்த்தைதான். உரிமை முயலுடையது; முதலியாருக்கு இரவல்.

‘ப்ரோலெஸ்’ என்பதையும் பிரித்துப் பார்க்கலாம். ‘ப்ரோ’ என்றால் முன்னே; அடுத்து நிற்பது ‘அல்’ என்ற வேர். ஊட்டுதல், வளர்த்தல் என்பது அதன் பொருள். முன்னே வளர்ந்து வருவது எதுவோ அது ‘ப்ரோலெஸ்’. இந்த ‘அல்’ என்ற வேருக்குத்தான் எத்தனை பிள்ளைகள்! பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களை ‘அலும்னி’ என்கிறோமே, அதற்கு ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளை ‘அடொலசென்ட்’. வளர்ந்து முடிந்தவர் ‘அடல்ட்’. லத்தீனுக்கு ஒன்றுவிட்ட உறவான இங்கிலீஷில் ‘ஓல்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆகவே நம் நேயரும், அவர் மகனும், பேத்தியும், அவரிடம் படித்துப் போன நூற்றுக்கணக்கான பையன்களும் இந்த ஒரே வேரின் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த வேரில் பெறுதல் என்ற பொருளே இல்லை. சோறு ஊட்டுவதும் வளர்ப்பதுந்தான் இருக்கின்றன.

இதே பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு இங்கிலீஷ் சொல் ‘ஃபெகண்ட்’. அதன் வேர் பாலுண்ணுதலைக் குறிப்பது. ஸம்ஸ்கிருதத்தில் பசுவுக்குத் ‘தேனு’ என்று பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். கேட்டதையெல்லாம் கொடுக்கும் காமதேனு இங்கிலீஷ் அகராதிக்குள் இப்படி ஓர் உறவுக்காரியை வைத்திருக்கிறாள் என்பது நமக்குச் சந்தோஷம் தருகிறது. ‘எக்ஸூபரண்ட்’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரு மடிதான் இருக்கிறது. பால் நிறைந்து வழிகிற மடி. உழவும் மாடுமாக வாழ்ந்த ஜனங்கள் வளப்பத்தைப் பற்றி நினைத்தபோது அவர்கள் கண்முன் முதலில் வந்து நின்றது பசுவின் மடிதான் என்று தோன்றுகிறது.

இனிச் சற்றுக் கசப்பான கதைக்கு வருவோம்.

ரோமாபுரியில், கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் ஆண்ட ஸெர்வியஸ் துல்லியஸ் என்ற அரசன் குடிகளைக் கணக்கெடுத்து, சொத்துக்கு ஏற்றபடி ஐந்து வகுப்பாகப் பிரித்தான் என்பது அந்நாட்டு ஐதிகம். சொத்துள்ளவன் வரி கொடுத்தான். ஆயுதம் வாங்கிச் சண்டைக்குப் போனான். ஐந்து வகுப்பிலும் சேராத ஏழையிடம் என்ன இருக்கிறது? பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் ராஜ்யத்துக்குச் செய்யும் உபகாரம் அந்தப் பிள்ளைகளைக் கொடுப்பதுதான் என்று தீர்மானித்து அவனுக்குப் ‘ப்ரோலெதாரியஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைக்காரன் என்று நாம் மொழிபெயர்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ல் மார்க்ஸ் முதலியோர் இதைத் தொழிலாளி வர்க்கத்துக்குப் பெயராக்கி உலகெங்கும் பரப்பினார்கள். தமிழர்கள் இதற்குப் ‘பாட்டாளி’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பாடுபடுகிறவன் பாட்டாளி. ஏழையிடம் பிள்ளையைப் பார்த்துப் பெயரிட்டது ரோமாபுரி. அவன் படுகிற பாட்டைப் பார்த்துப் பெயரிட்டது தமிழ். இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் யாராயிருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

இதற்காக நாம் அதிகமாகக் கர்வப்படவும் வேண்டாம். பிள்ளைக்கும் குடிக்கும் ஒரே பெயர் வைக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. ‘பிரஜை’ என்ற வடசொல்லுக்கு முதல் அர்த்தம் சந்ததி. ‘ப்ரொஜெனி’ என்ற இங்கிலீஷ் சொல்லும் அதுவும் ஒரே அச்சில் வார்த்தவை. பிறகுதான் அது ராஜாவின் குடிகளுக்குப் பெயராகி, இன்று இந்தியப் பிரஜை என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் சொல்லாகியிருக்கிறது. தமிழில் ‘மக்கள்’ என்பதும் அப்படித்தானே! மக்கட்பேறு என்றால் பிள்ளைகள். மக்கள் தொகை என்றால் தேசத்து ஜனங்கள். ஆனால் பிரஜை என்றாலும் மக்கள் என்றாலும் அதில் ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது. ரோமாபுரியின் சொல்லில்தான் வறுமையும் பிள்ளையும் ஒரே முடிச்சாக விழுந்தன. அந்த முடிச்சு எத்தனையோ நூற்றாண்டு கழித்து நம் தலையில் வந்து விடிந்தது.

1798இல் மால்தஸ் என்ற பாதிரியார் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். ஜனங்கள் பெருகும் வேகத்தில் உணவு பெருகாது. ஆகையால் பஞ்சமும் நோயும் வந்து கணக்கைச் சரிக்கட்டும் என்பது அதன் சாரம். புஸ்தகத்தோடு போயிருந்தால் நமக்கு அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. அந்த மால்தஸ்தான் 1805 முதல் 1834இல் காலமாகும் வரையில், கிழக்கிந்தியக் கம்பெனி தன் உத்தியோகஸ்தர்களைத் தயார் செய்வதற்காக ஏற்படுத்திய காலேஜில் சரித்திரத்துக்கும் பொருளாதாரத்துக்கும் ஆசிரியராக இருந்தார். நம் ஜில்லாக்களை ஆளக் கப்பலேறி வந்த வாலிபர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். ஏழைகள் ‘ப்ரொலிஃபிக்’ ஆனவர்கள் என்ற எண்ணத்தை அவர்கள் தங்கள் பெட்டியிலேயே வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லலாம்.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வது இதுதான். வட ஆற்காடும் அதில் சிக்கிய ஜில்லாக்களில் ஒன்று. ஜனங்கள் சாகும்போதே துறைமுகங்களில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877இல் ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை இந்திய ஸர்க்கார் அனுப்பிவைத்தது. நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு ராத்தல் என்பது இக்காலக் கணக்கில் 450 கிராம். சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ், அந்தக் கூலியில் உடம்பு உழைப்பைத் தாங்காது என்று எதிர்த்து வாதாடினார். அவரும் இங்கிலீஷ்காரர்தான் என்பதை இங்கே சொல்லிவிடுவது முறை. வைஸ்ராய் லிட்டன் பிரபுவோ, இந்திய ஜனத்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும் சுபாவமுள்ளது என்ற பழைய பாடத்தையே ஒப்பித்தார். பஞ்சத்துக்குக் காரணம் மழை பொய்த்ததும் தானியம் கப்பலேறியதும் அல்லவாம், பெற்றவர்களின் குற்றமாம்.

1881இல் ஜனக்கணக்கு எடுத்தபோது சென்னை ராஜதானியில் 1871ஆம் வருஷத்தைவிடத் தலைகள் குறைந்திருந்தன. வட ஆற்காட்டிலும் குறைந்தன. ஆனால் 1801இல் சுமார் 89 லட்சம் ஜனங்கள் இருந்த இங்கிலாந்து–வேல்ஸில் 1901இல் மூன்றேகால் கோடிப் பேர் இருந்தார்கள். நூறு வருஷத்தில் மூன்றரை மடங்கு! விக்டோரியா மகாராணியாருக்கே ஒன்பது குழந்தைகள். கணக்கு வாத்தியாரான நம் நேயர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பேத்தியிடம் காட்டட்டும். ‘ப்ரொலிஃபிக்’ யார் என்று குழந்தையே சொல்லிவிடுவாள்.

சுதந்திரம் வந்த பிறகும் நம்மை எண்ணுகிறவர்கள் ஓயவில்லை. எண்ணுகிறவர்கள் மட்டும் மாறினார்கள். 1952இல் இந்திய ஸர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. பிற்பாடு சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும் சுவர்தோறும் ஏறின. தமிழ்நாட்டுத் தாய்மார்கள் அதைச் சுவரில் இருப்பதைவிட நன்றாகவே நிறைவேற்றி வைத்தார்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்மணிக்குச் சராசரி 1.8 குழந்தைகள். தலைமுறை குறையாமலிருக்க 2.1 வேண்டும் என்பது கணக்கு. 2024 அக்டோபரில் சென்னையில் ஒரு திருமண வைபவத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், பதினாறு செல்வங்கள் என்ற வாழ்த்தை எடுத்துக்கொண்டு, பார்லிமெண்டுத் தொகுதிகள் குறையும் நிலை வந்தால் பதினாறு பிள்ளைகளையே பெறலாமே என்று ஜனங்கள் எண்ணும்படி ஆகலாம் என்ற கருத்துப்படப் பேசினார். ஒரு காலத்தில் அதிகம் பெறாதே என்றார்கள். அதைக் கேட்டு நடந்தவர்களுக்கு இப்போது தொகுதி குறையுமோ என்று கவலை. இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பகுதியின் வேலையல்ல. ரோமாபுரி அரசன் ஏழையின் பிள்ளைகளை எண்ணிய ஓலை இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

வாழ்த்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினாறு என்பது பிள்ளைகள் அல்ல. கல்வி, புகழ், வலி, வெற்றி, பொன், நெல், அறிவு, நோயின்மை முதலிய பதினாறு பேறுகள் என்று பெரியவர்கள் பொருள் சொல்லியிருக்கிறார்கள். பட்டியலுக்குப் பட்டியல் சிற்சில மாறுதல் உண்டு. நன்மக்களும் அதில் ஒரு பேறு, பதினாறில் ஒன்று. உறவுக்காரர் மற்றப் பதினைந்தையும் மறந்துபோனார். அவரை நாம் குறை சொல்லவில்லை. கலியாணப் பந்தலில் அட்சதை போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஞாபகம் இருப்பதில்லை.

இப்போது ஆரணி முதலியாரிடம் வருவோம். கண்ணமங்கலத்துக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் மட்டுமல்ல. ‘ப்ரொலிஃபிக்’ என்ற சொல்லைத் தாராளமாகச் சூட்டத்தக்க தமிழ் எழுத்தாளர்களில் அவர் முன்வரிசைக்காரர். 1866இல் பிறந்து 1925இல் காலமானவர். 1915இல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். எழுபத்தைந்து நாவல்கள் எழுதினார் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவற்றில் பல, இங்கிலீஷ் நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதைகளைத் தழுவியவை. லண்டன் துரைமாரும் துரைசானிமாரும் முதலியாரின் கையில் வேஷ்டியும் புடைவையும் கட்டிக்கொண்டு தமிழ் பேசினார்கள். பெரியவர்கள் கண்டித்தார்கள், பெண்களும் பிள்ளைகளும் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்தார்கள். தமிழில் வசனம் வாசிக்கும் பழக்கம் குடும்பங்களில் பரவியதற்கு அந்தத் தலையணைகளும் ஒரு காரணம் என்பது நம் அபிப்பிராயம்.

ரெயினால்ட்ஸ் என்றோமே, அவர் கதை இன்னும் விசேஷம். 1814இல் பிறந்து 1879இல் இறந்த அவர், லண்டன் மாநகரத்து மர்மங்களை 1844 முதல் வாரம் ஒரு பென்னி விலையில் இதழ் இதழாக வெளியிட்டுப் பேர் வாங்கினார். வேலைக்காரப் பெண்ணையும் தையற்காரியையும் கதாநாயகியாக்கி நாவல் எழுதினார். அத்தோடு, தொழிலாளிகளுக்கு வோட்டுரிமை வேண்டுமென்று கிளர்ச்சி செய்த சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் தலைவர்களில் ஒருவராகவும் நின்றார். ‘ப்ரோலெஸ்’ என்ற தாய்க்கு இரண்டு பெண்கள்: ஒருத்தி ‘ப்ரொலிஃபிக்’, மற்றொருத்தி ‘ப்ரோலிடேரியட்’. எழுத்திலே மூத்தவளையும் அரசியலிலே இளையவளையும் ரெயினால்ட்ஸ் ஒருவரே கூட்டி வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய சம்சாரத்தின் ஒரு கிளை ஆரணியில் வந்து தழைத்தது.

ஆரணி முதலியாரைத் தொடர்ந்து வந்தவர்களில் வை. மு. கோதைநாயகி அம்மாளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1901இல் பிறந்தவர், ஐந்து வயது கழிந்த சில மாதங்களில் கலியாணம், பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்ததில்லை. முதல் கதையை வாயால் சொல்லித் தோழி ஒருத்தியை எழுதச் செய்தார். பிறகு ‘ஜகன்மோகினி’ப் பத்திரிகையை ஏற்று நடத்தினார், 115 நாவல்கள் எழுதினார், மேடையேறிப் பேசினார், பாடினார், தேச சுதந்திரத்துக்காகச் சிறையும் சென்றார். 1960இல் காலமானார். இந்த அம்மாளை அகராதிப்படி எந்தச் சொல்லால் அழைப்பது? இங்கிலீஷ்காரர் முயலுக்கு வைத்த பெயரைத்தான் நீட்டுவார்கள். நமக்கு அது போதவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘ப்ரொலிஃபிக்’ என்பதற்குச் சரியாக ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்று தேடி நாம் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினோம். கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் தமிழின் வறுமையல்ல என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இங்கிலீஷ் ஒரே பெயரடையைக் கையில் வைத்துக்கொண்டு முயல், மரம், மனிதர் எல்லோருக்கும் ஒட்டுகிறது. தமிழோ ஒவ்வொன்றுக்கும் அதனதன் வினைச்சொல்லைத் தருகிறது. முருங்கை காய்த்துக் குலுங்குகிறது. ஜவ்வாது மலைச் சரிவில் சாமை தூர் கட்டிக் கதிர் தள்ளுகிறது. ஆயிரம் மணியை நிறுத்தாலும் இரண்டு மூன்று கிராம்தான் தேறும், ஆனாலும் ஒரு தூரில் அத்தனை கதிர். பசு கறந்துகொண்டே இருக்கிறது. எலி பெருகுகிறது. ஊற்றுச் சுரக்கிறது. வாழையடி வாழையாகக் குடும்பம் தழைக்கிறது. எழுத்தாளர் எழுதிக் குவிக்கிறார்.

‘எழுதிக் குவித்தவர்’ என்பதில் ஒரு சின்னக் குறும்பு ஒளிந்திருக்கிறது. குவிதலுக்கும் குப்பைக்கும் உறவு உண்டு. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல் என்றே பொருள். நெல்லும் குப்பையாகக் கிடந்தது, பொன்னும் குப்பையாகக் கிடந்தது. இன்று அந்தச் சொல்லுக்கு மரியாதை போய்விட்டது. அதனால் ஓர் எழுத்தாளரை எழுதிக் குவித்தவர் என்று சொல்லும்போது, புகழ்கிறோமா கிண்டல் செய்கிறோமா என்பது சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும். இங்கிலீஷ் ‘ப்ரொலிஃபிக்’கிலும் அந்த இரண்டுங்கெட்டான் தன்மை இருக்கிறது, எவ்வளவு என்று சொல்லும், எப்படி என்று சொல்லாது. ஆரணி முதலியாரைப் பற்றிய கட்டுரைக்காரர் எந்த முகத்தோடு எழுதினார் என்பதை நேயர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

குப்பைக்கு இன்னோர் அர்த்தமும் கண்ணமங்கலத்துக் குடியானவர்களுக்குத் தெரியும். நிலத்துக்கு அடிக்கிற எருவும் குப்பைதான்.

இவற்றுக்கெல்லாம் மேலே ‘வளம்’ என்ற சொல் ஒன்று இருக்கிறது. அதோடு பிறந்தது வண்மை. வண்மை உடையவன் வள்ளல். தமிழன் வளத்தை நினைத்தபோதே கொடுப்பதையும் சேர்த்து நினைத்திருக்கிறான் போலும். எத்தனை பெற்றாய் என்று இந்தச் சொல் கேட்பதில்லை. கோதைநாயகி அம்மாளுக்கு ‘வளமான எழுத்தாளர்’ என்று நாம் சொல்வோம். பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் மார்க்குக் கிடைக்குமா என்பது பேத்தியின் உபாத்தியாயினி கையில் இருக்கிறது. அவளுடைய பாட வாக்கியத்துக்கு மட்டும், ‘முயல் விரைவில் பல்கிப் பெருகும் பிராணி’ என்று எழுதிக்கொள்ளட்டும். அதில் தகராறு வராது.

பாட்டியம்மாளின் கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. புழக்கடை முருங்கையை ‘ப்ரொலிஃபிக்’ என்று சொல்லலாம். இங்கிலீஷ் தோட்டக்கலைப் புஸ்தகங்களில் அது சாதாரணமாக வழங்கும் பிரயோகமே. ஆனால் இந்த முருங்கைக்கு அந்தச் சொல் முழுவதும் பொருந்துமா என்பதில் நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. காரணம், நேயர் கடிதத்தின் அடியில் பின்குறிப்பாக எழுதியிருக்கும் மூன்று வரிகள். அந்த மரம் விதையிலிருந்து முளைத்ததல்ல. மூத்த மகள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எங்கிருந்தோ ஒரு போத்து வெட்டி வந்து நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. வருஷா வருஷம் ஆடிக் காற்றில் கிளை முறியும்; முறிந்த கிளையை அந்த அம்மாள் முழ முழமாக நறுக்கி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்துவிடுவாளாம். இப்போது அந்தத் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுப் புழக்கடையிலும் அந்த முருங்கைதான் நிற்கிறது.